பென் டிரைவில் லினக்ஸ்: பூட் ஆவது சுலபம், அதில் பிழைப்பு நடத்துவதுதான் பாடு

போன வருடம் ஐப்பசி மழை ஆரம்பித்த நேரம், என் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லத் தொடங்கியது. டிஸ்க் போய்விட்டது போல என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் டிஸ்க் ஜோராக ஓடுகிறது, உள்ளே இருந்த ஃபைல்கள் எல்லாம் பத்திரம். கோளாறு மதர்போர்டில், டிஸ்க் செருகும் இடத்தில். பழைய போர்டு ஒன்றைத் தேடிப்பிடித்து மாற்ற 9,000 ரூபாய் ஆகும், அதற்கும் கியாரண்டி கிடையாது என்றார்கள். எட்டு வருடம் உழைத்துத் தேய்ந்த லேப்டாப்புக்கு அவ்வளவு கொட்ட மனசு வரவில்லை, புதிது வாங்கவும் கையில் காசில்லை. எனக்குப் பிழைப்பு புத்தக வடிவமைப்பும் பிழைதிருத்தமும். அந்த நேரம் பார்த்து ஒரு பதிப்பகத்தின் இரண்டு புத்தகங்கள் கையில் இருந்தன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அவை அச்சாகி வந்தாக வேண்டும்.

டிஸ்க் இல்லாவிட்டால் என்ன, யுஎஸ்பி போர்ட் இருக்கிறதே, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலேயே ஓட்டுவோம் என்று இறங்கினேன். யோசனை ஒன்றும் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் க்னோப்பர் ஒரே சிடியிலிருந்து முழு லினக்ஸும் ஓடும்படி 'க்னாப்பிக்ஸ்' கொண்டுவந்தார். இன்று ரூஃபஸ், வென்டாய், எட்ச்சர் என்று ஏதாவது ஒரு மென்பொருளை வைத்து கால் மணி நேரத்தில் பென் டிரைவைத் தயார் செய்துவிடலாம். எப்படிச் செய்வது என்று காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாமே திரையில் டெஸ்க்டாப் வந்து நின்றதும் "அவ்வளவுதான் நண்பர்களே" என்று முடிந்துவிடும். அந்த டெஸ்க்டாப்பில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் 'லைவ்' முறை. பென் டிரைவைச் செருகி, என் மெஷினில் எஃப்12 தட்டினால் லினக்ஸ் வந்துவிடும். சிஸ்டம் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே பெரிய ஃபைலாக (பிம்பம் என்பார்கள்) இருக்கும், அதில் எதுவும் எழுத முடியாது. நாம் செய்யும் மாற்றம் எல்லாம் ரேமில்தான் நிற்கும், அணைத்தால் போயிற்று. அவசரத்துக்கு ஃபைல் எடுக்க, யாராவது வீட்டு கம்ப்யூட்டரில் பாங்க் வேலை பார்க்க இதைவிட நல்லது கிடையாது. எனக்கு ஒத்துவரவில்லை. நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவன். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தமிழில் தட்ட உதவும் ஐபஸ் நிறுவி, விசைப்பலகையைச் சேர்த்து, பதிப்பகத்தார் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பாமினி எழுத்துருவை ஏற்றி, வேலையை ஆரம்பிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அடுத்தது 'பெர்சிஸ்டன்ஸ்'. அதே லைவ் பென் டிரைவில் மாற்றங்களைச் சேமிக்கத் தனி இடம் ஒதுக்குவது. ரூஃபஸில் ஒரு பட்டையை நகர்த்தினால் போதும். கொஞ்ச நாள் சுகமாக ஓடியது. இதில் ஒரு சங்கதி உண்டு. அடியில் இருக்கும் மூல பிம்பம் மாறவே மாறாது. நீங்கள் எதை அப்டேட் செய்தாலும் பழையது அப்படியே இருக்க, புதியது அதன் மேல் வந்து உட்காரும். ஆகவே அப்டேட் போடப் போட இடம் காலியாகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் போட்டாலும் பூட் ஆவது பிம்பத்தில் இருக்கும் பழைய கெர்னல்தான். சேமிப்பு இடத்தை ஒரு ஃபைலாக வைத்தால் இன்னொரு தடை: பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 ஃபைல் முறையில் எந்த ஃபைலும் 4 ஜிபியைத் தொட முடியாது. தனி பார்ட்டிஷனாக (டிரைவைப் பிரித்து ஒதுக்கிய பகுதி) வைத்தால் அந்தத் தடை இல்லை. பெர்சிஸ்டன்ஸ் போட்டால் பொதுவான அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள். பிரவுசரை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுவது மேல்.

சரி, ஹார்ட் டிஸ்க்கில் நிறுவுவது போலவே பென் டிரைவில் முழுசாக நிறுவிவிடலாம் என்று முடிவெடுத்தேன். இதற்கு இரண்டு பென் டிரைவ் வேண்டும்: நிறுவும் மென்பொருள் ('நிறுவி') இருக்க ஒன்று, சிஸ்டம் போய் உட்கார ஒன்று. 1,100 ரூபாய்க்கு 128 ஜிபியில் புதிதாக ஒன்று வாங்கினேன். என் லேப்டாப்பில் ஒழுங்காகப் பிடிக்கிற யுஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்றுதான். ஆகவே தீபாவளிக்குத் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தானின் லேப்டாப்பில் இரண்டையும் செருகி நிறுவினேன். ஒரு போர்ட்டைப் பலதாக்கும் யுஎஸ்பி ஹப் அப்போது 300 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹப் வாங்கி உங்கள் மெஷினிலேயே செய்யுங்கள், அடுத்தவர் லேப்டாப்பைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

நிறுவும்போது பார்ட்டிஷனை நாமே பிரிக்கும் திரையின் அடியில், பூட் லோடரை (மெஷின் ஆன் ஆனதும் சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அதில் பென் டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தேன். அத்தானின் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பக்கமே போகவில்லை. எஸ்எஸ்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலை, பென் டிரைவில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தேன், புது லினக்ஸ் அழகாக வந்தது. அணைத்துவிட்டு, பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திருநெல்வேலி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை என் லேப்டாப்பில் செருகினால், அப்படி ஒரு பூட் டிரைவ் இருப்பதாகவே அது காட்டவில்லை. மறுபடி மறுபடி கழற்றிச் செருகிக்கொண்டிருந்தபோது அத்தானிடமிருந்து போன். "மாப்ள, நேத்து ஏதோ குச்சியச் சொருகினேல்லா, இப்ப என்னன்னா கறுப்பா கிரப்னு போட்டு நிக்கி. விண்டோஸே வரல. ஆபீசுக்கு நேரமாச்சு." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறவர், கணக்கு மொத்தமும் அந்த லேப்டாப்பில்தான்.

என் பென் டிரைவ் பூட் ஆகாததும், அவர் லேப்டாப் கறுப்பாக நின்றதும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்போதைய கம்ப்யூட்டர்கள் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகின்றன. டிஸ்க்கில் ஃபேட்32-இல் சின்னதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸானாலும் லினக்ஸானாலும் பூட் லோடர் அங்கேதான் குடியிருக்கும். நான் பயன்படுத்திய நிறுவியோ, கேள்விக்கு நாம் என்ன பதில் சொன்னாலும், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் லினக்ஸின் பூட் லோடரான கிரப்பை எழுதும். முதலில் பட்டது அத்தானின் உள் டிஸ்க். ஆக, என் லினக்ஸுக்கான பூட் லோடர் தூத்துக்குடியில், லினக்ஸ் மட்டும் திருநெல்வேலியில். அங்கே கிரப் எழுந்து, பென் டிரைவைத் தேடி, காணாமல் நிற்கிறது. இது வருடக்கணக்காகப் புகார் சொல்லப்பட்டு வரும் கோளாறு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் பார்த்த எந்த வீடியோவிலும் மூச்சுவிடவில்லை.

"அத்தான், கீபோர்டுல எக்ஸிட்னு அடிச்சு எண்டர் தட்டுங்க" என்றேன். தட்டினார். கிரப் விலகி, அடுத்த பூட் லோடரான விண்டோஸுக்கு வழி விட்டது. அதுவரை சரி. விண்டோஸுக்குப் பதிலாக நீலத் திரையில், டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து (யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) வைக்கும் பிட்லாக்கர் வந்து, 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்டது. பூட் ஆகும் வழியில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தென்பட்டால் பிட்லாக்கர் அப்படித்தான் கேட்கும். நம்பகமான பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலும் கேட்கும். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருப்பதே அத்தானுக்குத் தெரியாது. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு நுழைந்ததும் அது தானாக நடந்துவிடுகிறது, குறியீடு அந்த அக்கவுண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அக்கவுண்டைத் திறந்து கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன். பாஸ்வேர்ட் அவனுக்குத்தான் தெரியும். அவன் மத்தியானம் வரை போன் எடுக்கவில்லை. அத்தான் அன்றைக்கு லீவு போட்டார். என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். அக்கா திட்டினாள். பிறகு அவன் குறியீட்டை வாட்ஸப்பில் அனுப்ப, அத்தான் வாசிக்க அக்கா தட்ட, ஒரு எண் தவறி மறுபடி முதலிலிருந்து தட்ட, ஒருவழியாக விண்டோஸ் வந்தது. வந்த விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நெட் நேரத்தோடு ஒருமுறை சிங்க் செய்தால் அது சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி போய், பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, இஎஃப்ஐ பார்ட்டிஷனில் லினக்ஸ் பெயரில் இருந்த ஃபோல்டரை மட்டும் நீக்கிவிட்டு வந்தேன். பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட், பூட் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றில் கை வைக்கக் கூடாது.

வேறு வழியே இல்லாமல் விண்டோஸ் உள்ள மெஷினில்தான் நிறுவ வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுவது. டெஸ்க்டாப்பில் ஒரு கேபிளை உருவினால் முடிந்தது. இரண்டாவது, நிறுவியைத் தொடங்குமுன் பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்து, உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'பூட்', 'இஎஸ்பி' என்ற இரண்டு கொடிகளையும் (அடையாளக் குறிகள்) எடுத்துவிடுவது. நிறுவியின் கண்ணுக்கு அது படாது. முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், மறந்தால் விண்டோஸ் மக்கர் பண்ணலாம். மூன்றாவதுதான் இப்போது நான் யாருக்கும் சொல்வது: விண்டோஸுக்குள்ளேயே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்து, இஎஃப்ஐ முறையை ஆன் செய்து, டிஸ்க்கே இல்லாத மெஷின் ஒன்றை உருவாக்கி, பென் டிரைவை மட்டும் அதற்குள் விட்டு நிறுவுவது. உள் டிஸ்க் ஒன்று இருப்பதே அந்த நிறுவிக்குத் தெரியாது. எந்த வழியில் போனாலும், பென் டிரைவில் அதற்கென்று 500 எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்க வேண்டும், கிரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். புது மெஷினில் செருகும்போது அது தேடுவது ஒரு பொதுவான பெயருள்ள பூட் ஃபைலை. அந்தக் கட்டளை அதைச் சரியான இடத்தில் வைக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை நிறுவும்போதே ஒதுக்கியிருந்ததால், ஹப் ஒன்று வாங்கி வந்து, லைவ் பென் டிரைவில் பூட் செய்து, இந்த ஒரு கட்டளையில் என் டிரைவைச் சரிசெய்துவிட்டேன்.

மைக்ரோசாஃப்ட்டே ஒரு காலத்தில் இந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தது. விண்டோஸ் 8 என்டர்பிரைஸில் 'விண்டோஸ் டு கோ' என்று ஒன்று இருந்தது. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் முழு விண்டோஸ். அதில் இரண்டு சங்கதிகள் கவனிக்க வேண்டியவை. அந்த விண்டோஸ் ஓடும்போது கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கைக் கண்ணிலேயே காட்டாது, தொட்டால் வம்பு என்று தெரிந்திருக்கிறது. இதற்கென்று சான்று பெற்ற டிரைவ்களில் மட்டும்தான் போட வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள், கடையில் கிடைக்கும் சாதாரண பென் டிரைவ் ஆகாது. 2020-இல் வந்த, '2004' என்று எண்ணிட்ட விண்டோஸ் 10 பதிப்போடு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். சாதாரண பென் டிரைவ் ஏன் ஆகாது என்பதைத்தான் அடுத்த இரண்டு மாதம் அனுபவித்தேன்.

டப்பாவில் நொடிக்கு 150 எம்பி என்று போட்டிருந்தது. பொய் இல்லை, பெரிய சினிமா ஒன்றைப் படித்தால் அந்த வேகம் வரும். சிஸ்டம் செய்யும் வேலை அந்த மாதிரி இல்லை. பொடிப்பொடியாக, டிரைவின் வெவ்வேறு மூலைகளில், ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் முறை ஐந்து நொடிக்கு ஒருமுறை தன் குறிப்பேட்டைப் பதியும். ஃபயர்ஃபாக்ஸ் எந்தெந்த டேப் திறந்திருக்கிறது என்பதைப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை எழுதிவைக்கும். லாக் ஃபைல்கள் தனி. ஃப்ளாஷ் சிப்பிலோ, எழுதிய இடத்தின் மேல் நேரடியாகத் திருத்தி எழுத முடியாது. பல எம்பி அளவுள்ள ஒரு பிளாக்கை மொத்தமாக அழித்துத்தான் மறுபடி எழுத வேண்டும். ஒரு எழுத்துப் பிழைக்காக ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் மறுபடி அச்சடிக்கிற கதை. எஸ்எஸ்டியில் இந்த வேலையைப் புத்திசாலித்தனமாகப் பங்கிட ஒரு நல்ல கன்ட்ரோலர் இருக்கும், பென் டிரைவில் இருப்பது காசுக்கேற்ற கன்ட்ரோலர். விளைவு, பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மவுஸ் அம்புக்குறியே உறைந்து நிற்கும். கீபோர்டில் தட்டிய எழுத்து வரிசையாக, தாமதமாக, ஒரு வரி மொத்தமாக வந்து விழும். டிரைவைத் தொட்டால் சுடும்.

இதைக் கொஞ்சம் தணிக்க முடியும். ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) டிரைவிலிருந்து எடுத்துவிட்டு, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் போட்டேன். ஃபயர்ஃபாக்ஸின் கேஷை டிஸ்க்கில் எழுதாமல் ரேமிலேயே வைக்கச் சொன்னேன், பதினைந்து நொடியைப் பத்து நிமிடமாக்கினேன். தற்காலிக ஃபைல்களையும் லாக்கையும் ரேமிலேயே இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்-இல் போட்டேன். டிஸ்க் அமைப்புகள் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில், ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்னும் 'நோஏடைம்' சேர்த்தேன், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் இரண்டும்தான் உயிர் கொடுத்தன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் "முடிந்தது" என்று உடனே காட்டும், உண்மையில் அது இன்னும் ரேமில்தான் இருக்கும். டிரைவ் மெதுவாக விழுங்கிக்கொண்டிருக்கும். டெர்மினலில் 'சிங்க்' என்று அடித்து, அது முடிந்து கர்சர் திரும்பும் வரை எதையும் அணைக்கக் கூடாது. வேகத்தைப் பொறுத்தவரை, இதற்கு மேல் பென் டிரைவைக் கெஞ்சிப் பயனில்லை.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள். கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் கடைசிப் பிழைதிருத்தம். பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் பகல் முழுவதும் உட்கார்ந்து, ஒற்று, சந்தி, பத்தி இடைவெளி, பக்கத் தலைப்பு எல்லாம் பார்த்து, சேமித்து, மூடி, திறந்தும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் ஆன் செய்தால் ஒரு திருத்தமும் இல்லை. நான் நீக்கிய வார்த்தைகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. முந்தின நாள் இறக்கிய ஃபைல்கள் இல்லை. அவை குப்பைத் தொட்டியிலும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கிச் சேமித்துப் பார்த்தேன், இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், இல்லை. பழைய ஃபைல் ஒன்றை அழித்தேன், ரீஸ்டார்ட் செய்ததும் அது திரும்பி வந்து நின்றது.

ஃப்ளாஷ் சிப் தேய்ந்துபோனால் பல டிரைவ்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும். சில டிரைவ்கள் அப்போது நேர்மையாகப் பிழைச் செய்தி கொடுக்கும், லினக்ஸும் சுதாரித்துக்கொண்டு 'ரீட் ஒன்லி' என்று கத்தும். என்னுடையது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதையும் எழுதாத ரகம். ரேமில் இருக்கும் வரை ஃபைல் இருப்பது போலவே தெரியும். மூடித் திறந்து பார்த்தால் போதும் என்று நாம் நினைக்கும் சோதனை இதன்முன் செல்லாது, அணைத்து ஆன் செய்து பார்த்தால்தான் தெரியும். சாகப்போவதற்கு முன்கூட்டி எச்சரிக்கவும் பெரும்பாலான பென் டிரைவ்களில் ஏற்பாடு கிடையாது. கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் 'dmesg' கட்டளையில் 'ஐ/ஓ எரர்' என்று ஒரு வரி வந்தாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். போலி டிரைவ்களும் ஏறக்குறைய இப்படித்தான் ஏமாற்றும். 128 என்று போட்டு உள்ளே 16 ஜிபி சிப் இருக்கும், அதைத் தாண்டி எழுதியது காற்றில் போகும். வாங்கிய அன்றே எஃப்3 என்ற இலவச மென்பொருளால் டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடலாம். நான் சோதித்தேன், என்னுடையது அசல்தான். அசலே இந்தக் கதி.

அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றை நாலைந்து நாளுக்கு முன் பதிப்பகத்துக்கு மெயிலில் அனுப்பியிருந்ததால் முழுசாக மூழ்கவில்லை. இருந்தும் அதற்கப்புறம் பார்த்த திருத்தம் எல்லாவற்றையும் இரண்டு ராத்திரி கண்விழித்து மறுபடி செய்தேன். தாமதத்துக்கு 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சகத்தில் முறை தவறிவிட்டது.

டிரைவுக்கு வாரண்டி இருந்தது. கொண்டுபோனால் புதிது தருவார்கள், பழையதைக் கொடுத்துவிட வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல், இதை நான் எங்குமே படித்ததில்லை. எழுத முடியாத டிரைவை அழிக்கவும் முடியாது. ஃபார்மட் ஆகாது. என் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், மெயில், பான் அட்டை ஸ்கேன், பதிப்பகத்தின் வெளிவராத புத்தகங்கள், எல்லாம் யார் செருகினாலும் தெளிவாகப் படிக்கும்படி உள்ளே இருக்கின்றன. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், அங்கிருந்து அது எங்கே போகும்? வாரண்டி வேண்டாம் என்று சுத்தியலால் நசுக்கிப் போட்டேன். 1,100 ரூபாய் போயிற்று. நிறுவும்போதே டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யவா என்று ஒரு பெட்டி வரும். டிக் செய்திருந்தால் தைரியமாக வாரண்டிக்குக் கொடுத்திருக்கலாம். சட்டைப்பையில் திரியும் சாதனம், தொலைந்தாலும் இதே கதைதான். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அந்தப் பெட்டியை டிக் செய்யுங்கள்.

இப்போது ஓடுவது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, யுஎஸ்பி 3 கேசிங் ஒன்றில் போட்டது. இரண்டும் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. அதே லேப்டாப், அதே போர்ட். நிமிடக்கணக்கில் பூட் ஆனது இப்போது முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தயாராக நிற்கிறது. கேசிங் வாங்கும்போது வேகத்தைக் கூட்டும் யுஏஎஸ்பி வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையையும் பல கேசிங்குகளில் பார்க்க முடிகிறது, மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பென் டிரைவில்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் பப்பி லினக்ஸ் பக்கம் போங்கள். பூட் ஆனதும் மொத்தமாக ரேமில் ஏறிக்கொள்ளும், டிரைவில் எழுதுவது எப்போதாவதுதான். பழைய, ரேம் குறைந்த மெஷினிலும் ஓடும். பார்க்கக் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும்.

எஸ்எஸ்டிக்கு மாறியும் ஒரு தொல்லை மிச்சம். லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்கப்போகும், அப்போது என் மெஷின் யுஎஸ்பிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். எழுந்ததும் டிஸ்க்கைப் புதிதாகச் செருகிய வேறொன்று என்று நினைத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் காலடியில் தரை இல்லாமல் அப்படியே உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி இல்லை. செட்டிங்கில் மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே என்று வைத்துவிட்டேன். வெளியே கிளம்பும்போது முறையாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.